கட்டபெட்டில் ஒரு மீனவர் குப்பம்

எங்கள் ஊரை விட்டு வில்லா சார் போய்விட்டார். சில வருஷங்களுக்கு முன்னால் 'மூடுபனிக்குப் பக்கத்திலேயே வாழணும்' என்று சென்னையிலிருந்து நீலகிரி மலையேறி வந்து வில்லாவில் குடியேறியவர். பனி அலுத்துவிட்டது. காட்டுமாடு அவருடைய ரோஜாப் பாத்தியை மேய்ந்துவிட்டது. கரடி சமையலறைச் சன்னலைப் பிரித்துப் போட்டுவிட்டது. கடலோரம் ஒரு வீடு பார்த்து முன்பணம் கொடுத்தார். கூடவே பாய் கட்டிய படகு ஒன்றும் வாங்கினார்.

"படகுக்குப் பக்கத்துலயே இருக்கணும் சார். அங்க ஐப்பசி, கார்த்திகைல மழை கொட்டும். ராத்திரில காத்து மாறினா எந்திரிச்சுப் போய்ப் பார்க்கணும்ல?" என்று கட்டபெட்டு டீக்கடையில் சொன்னார். கடையே உருகிவிட்டது. "வாழ்ந்தா இப்படி வாழணும்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார்.

நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் வந்தது. இதே வாக்கியத்தை, ஒரு சொல்கூட மாற்றாமல், சென்னை சீனிவாசபுரத்து மீனவர் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னதைக் கேட்டு எந்த டீக்கடையும் உருகவில்லை. சார் சொன்னால் அது வாழ்க்கைத் தத்துவம். மீனவர் சொன்னால் ஆக்கிரமிப்பு.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாகக் கடல் வந்து எடுத்துக்கொண்டு போனதை நாடு பார்த்தது. அடுத்த மார்ச் 30ஆம் தேதி தமிழ்நாடு அரசு அரசாணை எண் 172ஐப் போட்டது. அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்களுக்கு அதில் முழுச் சுதந்திரம் உண்டு. தள்ளிப் போனால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் புது வீடு. பழைய மனையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போகமாட்டேன் என்றால் தாராளமாக இருந்துகொள்ளலாம். சொந்தக் காசில் பழுதுபார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி மட்டும் கிடையாது. வீட்டைக் கடல் கொண்டுபோன மூன்றாவது மாதத்தில், கையில் கரண்டிகூட மிச்சமில்லாதவனிடம் 'உன் விருப்பம்தான்' என்று கேட்பதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அதைத்தான் நிர்வாகத் திறமை என்கிறார்கள்.

சீனிவாசபுரத்துக்காரர்களில் பலர் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டார்கள். படகு நிற்கும் கரையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். இவர்கள் தொழிலுக்குப் புறப்படுவது விடியலுக்கு முன்னால், வானத்தில் வெள்ளி இருக்கும்போது. அந்த நேரத்துக்கு எந்த மாநகரப் பேருந்து ஓடுகிறது? கரையில் நின்று காற்று வாடையா கொண்டலா என்று முகத்தில் வாங்கிப் பார்த்தால்தான் வலை ஏற்றலாமா என்று தெரியும். செம்மஞ்சேரி மாடியில் நின்றால் முகத்தில் படுவது எதிர்வீட்டு மின்விசிறிக் காற்றுதான். கடல் பொங்கினால் நடுராத்திரியில் பத்துப் பேர் கூடிப் படகை மேலே இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் படகு இருக்காது; இருந்தாலும் அதில் எஞ்சின் இருக்காது. ஆகவே ஆண்கள் கரையிலேயே படுத்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் குடியிருப்பில். மீன் விற்கும் பெண்கள் கூடையோடு பேருந்துக்கு நின்று நடத்துநரிடம் 'நாறுது' என்று பாட்டு வாங்கினார்கள்.

இதில் உச்சம் ஒன்று உண்டு. தண்ணீரிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்துப்போன செம்மஞ்சேரி தாழ்வான நிலம். பெருமழை அடித்தால் அங்கே முழங்கால் அளவு தண்ணீர். கடல் வரவில்லையே என்று ஏங்கியவர்களுக்கு அரசு வாசலிலேயே ஏற்பாடு செய்து கொடுத்தது. படகைத்தான் கொண்டுபோக விடவில்லை.

ஒரு கட்சியை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மெரினாவை அழகாக்கப் புறப்பட்ட எம்.ஜி.ஆர். அரசு 1985இல் மணலில் கிடந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் பார்த்தது. டிசம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்து மீனவர்கள் செத்தார்கள். கட்டுமரம் அழகில்லை என்பதற்காக உயிரை எடுத்த ஊர், அதே கட்டுமரத்தின் பொம்மையை நினைவுப் பரிசாக விற்கிறது. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலை ஓர மீன்கடைகளை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது, போக்குவரத்துக்கு இடைஞ்சலாம். குப்பத்துக்கு நடுவே சாலையைப் போட்டுவிட்டு, குப்பம் சாலைக்கு இடைஞ்சல் என்று சொல்வதற்குப் படிப்பு வேண்டும். அதே 2023 ஜூனில், கரையிலிருந்து 360 மீட்டர் தள்ளிக் கடலுக்குள்ளேயே 134 அடி உயரப் பேனா நினைவுச் சின்னம் நிறுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. கேட்டது தி.மு.க. அரசு, கொடுத்தது பா.ஜ.க. அரசு. வேறு எதில் இவ்வளவு ஒற்றுமையைப் பார்க்க முடியும்? பேனா வலை காயப்போடாது, நாறாது, வாக்குவாதம் செய்யாது. கடலோரத்தில், ஏன், கடலுக்குள்ளேயே குடியிருக்க அதைவிடத் தகுதியான பிரஜை யார்?

அந்த அரசாணையின் 200 மீட்டர் கணக்கும் பிறகு இளகியது. 2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப்புறக் கடலோரங்களில் கட்டத் தடையுள்ள பகுதி 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது. மீனவனை அப்புறப்படுத்தும்போது கடல் 200 மீட்டர் பாயும். சுற்றுலா வரும்போது ஐம்பதில் நின்றுகொள்ளும். கடலுக்கும் ஆளைப் பார்த்து நடக்கத் தெரிந்திருக்கிறது.

ஆகவே கட்டபெட்டிலிருந்து அரசுக்கு ஒரு யோசனை சமர்ப்பிக்கிறேன். இருபது கிலோமீட்டர் போதாது. மீனவர்களை மொத்தமாக எங்கள் ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.

பாதுகாப்பு என்பதுதானே உங்கள் கவலை? கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் நடுவே ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறோம். எந்தச் சுனாமியும் மலைப்பாதையின் கீழே இருக்கும் பர்லியாற்றைக்கூடத் தாண்டாது. 2009 நவம்பரில் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டம் முழுக்க மலை சரிந்து நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனது உண்மைதான். ஆனால் அது சுனாமிக் கணக்கில் வராது. வேறு கோப்பு, வேறு துறை.

படகுக்குப் பக்கத்தில் வாழும் ஆசையும் நிறைவேறும். 1820களில் சல்லிவன் துரை ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஊட்டி ஏரியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. கட்டபெட்டிலிருந்து இருபது கிலோமீட்டர்தான். செம்மஞ்சேரிக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. பெடல் படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. கச்சான் காற்றில் பாய் விரித்தவர்கள் அன்னப்பறவைப் படகில் உட்கார்ந்து மிதிக்கட்டும். மீன்பாடு கிடைக்காது, ஆனால் உயிர்காப்புச் சட்டை இலவசம்.

பிழைப்புக்குத் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசாவது கொடுங்கள் என்று 2023 செப்டம்பரில் எங்கள் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மீனவர்கள் வந்தால் அந்தப் பந்தலுக்குக் கூட்டம் சேரும். மீன்பிடித் தடைக்காலத்திலும் புயல் எச்சரிக்கையிலும் பட்டினி கிடந்து பழகியவர்கள். எங்களைவிட நன்றாக உட்காருவார்கள்.

இடம் மாற்றி வைத்த அனுபவம் அரசுக்கு இங்கே ஏற்கெனவே உண்டு. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆளுக்கு இத்தனை லட்சம் என்று பங்கு பிரித்துக்கொண்ட பிறகு, இலங்கைத் தோட்டத் தமிழர்களைக் கொண்டுவந்து இந்த மாவட்டத்தில் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்துக்காகத் தேயிலை நடவைத்தார்கள். அவர்களும் கடல் கடந்து வந்தவர்கள்தான். 2022இல் டான்டீ தன் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர்களைக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு மனிதனை எத்தனை முறை வேரோடு பிடுங்கி நடலாம் என்ற ஆராய்ச்சியில் நீலகிரி முன்னோடி மாவட்டம். மீனவர்களையும் அதில் சேர்த்துக்கொள்வதில் தயக்கம் எதற்கு?

சின்னச் சின்னச் சிக்கல்கள் உண்டு. 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வேண்டும். விண்ணப்பத்தில் எதில் வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். கார், வேன், பேருந்து என்று போடலாம். ஃபைபர் படகை இழுத்துக்கொண்டு வருபவர் எதைப் போடுவது? 'தங்குமிடம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது? அவருக்கே தெரியாதே. கட்டடம் ஏழு மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் சில மாளிகைகளுக்கு அடிவாரத்திலிருந்து அளந்தார்களா, உச்சியிலிருந்து அளந்தார்களா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். மீனவர் வீட்டை மட்டும் டேப் வைத்துச் சரியாக அளப்பார்கள், அதில் சந்தேகமே இல்லை.

நேற்று வில்லா சார் போன் செய்தார். கடலோர வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். படகு சன்னலிலிருந்தே தெரிகிறதாம், மழை அற்புதமாம், அலைச் சத்தத்தில் தூக்கம் சொக்குகிறதாம்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் தொல்லை" என்றார். "பக்கத்துல ஒரு குப்பம். வாசல்லயே வலை காயப்போடுறாங்க. ஒரே கவிச்சி. விடியக்கால மூணு மணிக்கு எஞ்சின் சத்தம். நாங்க நாலஞ்சு வீட்டுக்காரங்க சேர்ந்து மனு கொடுத்திருக்கோம். ஆபீசர் வந்து பார்த்துட்டுப் போயிருக்கார். இது கடலோரம், பாதுகாப்பு இல்லாத இடம், இவங்க இங்க இருக்கவே கூடாதுன்னு அவரே சொல்றார்."

"நீங்க சார்?" என்றேன்.

"நானா? நான் படகுக்காக வந்தவன் சார்."

போனை வைத்துவிட்டு, கீழ்ச்சரிவில் நிலம் வைத்திருக்கும் பங்காளியைப் பார்க்கப் போனேன். எத்தனை குடும்பம் வரும் என்று கேட்டான். மனு இப்போதுதான் போயிருக்கிறது, சொல்கிறேன் என்றேன்.