மலையில்லாத குடாநாட்டில் நீரேற்று மின்சாரம்

கேள்வி: யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் கடல்தானே? அந்த நீரை மேலே ஏற்றிச் சேமித்து மின்சாரம் எடுக்க முடியாதா?

பதில்: கடல் இருக்கிறது, மலைதான் இல்லை. மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழ்நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றிவைத்து, தேவை கூடும் மாலையில் சுழலி வழியே இறக்குவதுதான் நீரேற்று மின்நிலையத்தின் வேலை. செலவான மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும். குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றருக்குள். அந்த உயரத்தில், இழப்பே இல்லையென்று வைத்தாலும், ஒரு அலகு மின்சாரத்துக்குச் சுமார் 37 தொன் நீர் இறங்க வேண்டும். 500 மீற்றர் என்றால் முக்கால் தொன் போதும்.

யப்பானின் ஒக்கினாவாவில் கடல்நீரிலேயே 30 மெகாவொட் நிலையம் 1999 முதல் 2016 வரை இருந்தது. அங்கே 136 மீற்றர் உயரம் கிடைத்தது. கசிவைத் தடுக்க மேல்தேக்கம் முழுவதும் இறப்பர் விரித்தார்கள். இங்கே அடியில் கிடப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். விரிப்பு ஓரிடத்தில் கிழிந்தாலும் உப்பு நேரே கிணற்றுக்குப் போகும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிற நன்னீரை இதற்காகப் பணயம் வைக்கவே கூடாது.

இலங்கை மின்சார சபை நீரேற்று மின்நிலையத்துக்கெனத் தேர்ந்த இடம் கேகாலை மாவட்டத்து அரநாயக்க: 600 மெகாவொட் மஹா ஓயா திட்டம். அது எழுந்தால் வடக்குக் காற்றாலைகளில் மிஞ்சும் மின்சாரத்தை மின்வலை வழியே அங்கே சேமிக்கலாம். குடாநாட்டை அடுத்த தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கோ பொருந்துவது சூரியஒளி, காற்று, பற்றரி சேர்ந்த கலப்புத் திட்டம். இந்திய நன்கொடையில் அதற்கான ஒப்பந்தம் 2022இல் கைச்சாத்தானது.