சுவர்த்திணை இயல்: பேட்டரி டிரில் வாங்குவோர்க்கு ஓர் இலக்கணம்

1. பாயிரம்

வீடு கட்டுகிறவர் மூவருக்குக் கட்டுப்பட்டவர்: கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீசியன். "நாளைக்கு வந்துடறேன் சார்" என்ற ஒற்றை வாக்கியத்தைக் கொண்டு இம்மூவரும் அவரை மாதக்கணக்கில் ஆள்வர். இவ்வாட்சியிலிருந்து விடுதலை வேண்டி அவர் வாங்கும் கருவியே கார்ட்லெஸ் டிரில். மக்கள் வழக்கில் பேட்டரி டிரில்.

இதைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி மூன்று மதங்கள் உள. விலை கூடியதே நன்று என்பது கடைக்காரர் மதம். வெளிநாட்டிலிருந்து வந்ததே நன்று என்பது மச்சான் மதம். எதுவானாலும் நன்று, சீக்கிரம் வாங்குங்கள் என்பது இரவல் கேட்கக் காத்திருக்கும் பக்கத்து வீட்டார் மதம். மூன்றும் கருவியை நோக்கினவேயன்றிச் சுவரை நோக்கவில்லை. டிரில்லைத் தேர்ந்தெடுப்பது வாங்குபவர் அல்லர், அவர் வீட்டுச் சுவரே என நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம்.

2. வரலாறு

கையில் ஏந்தக்கூடிய மின் டிரில்லை 1895-இல் ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விசையும் கொண்ட வடிவத்துக்கு 1917-இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை பெற்றது. அன்று தொட்டு, அதைக் கையில் வாங்கியவுடன் வெறும் காற்றில் இரண்டு முறை 'விர்ர்' என்று அழுத்திப் பார்க்காதவர் எவரும் இலர். 1961-இல் அதே நிறுவனம் பேட்டரியில் ஓடும் டிரில்லைக் கொண்டுவந்தது.

1971-இல் அப்போலோ 15 பயணத்தில் பேட்டரி டிரில் நிலாவுக்கே போயிற்று. அங்கே கரண்ட் இல்லை என்பது காரணம். (தற்காலிக இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மனைக்காரர்கள் இவ்விடத்தில் நிலாவோடு உறவு கொண்டாடலாம்.) வெறுமனே சுற்றினால் போதாதென்று, சுற்றிக்கொண்டே இடிக்கும் மிஷினைத்தான் கொடுத்தனுப்பினார்கள். அப்படியும் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நினைத்த ஆழத்துக்குத் துளைக்க முடியவில்லை. துளையில் இறக்கிய குழாயைப் பிடுங்க அவரும் உடன் சென்ற ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து தோள்கொடுக்க வேண்டியதாயிற்று. நாடே பின்னால் நின்ற வேலைக்கு இக்கதி என்றால், ஸ்டூல் பிடிக்கவும் ஆளில்லாத நம்மவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

3. சுவர்த்திணை

முன்னோர் நிலத்தை ஐந்தாக வகுத்தனர். சுவரும் அவ்வாறே ஐந்து என்க.

குறிஞ்சி: மரமும் பிளைவுட்டும். உரிப்பொருள் புணர்தல். பிட்டும் பலகையும் கண்டவுடன் கலக்கும். 12 வோல்ட் மிஷினே மிகுதி. கழுத்து வளையத்தில் உள்ள எண்கள் கிளட்ச் எனப்படும். குறித்த முறுக்கு வந்ததும் அது நழுவிக்கொடுக்கும், ஸ்க்ரூவின் தலை பிழைக்கும். அவ்வளையத்தை ஒருபோதும் திருப்பாமலே டிரில்லைக் கிழவனாக்கியோர் பலர்.

முல்லை: டைல்ஸ். உரிப்பொருள் இருத்தல், அதாவது பொறுத்திருத்தல். ஹேமரை அணைத்து, மெதுவாகச் சுற்றவிட்டு, டைல்ஸைத் தாண்டிய பிறகே ஹேமரைப் போட வேண்டும். பொறுக்க மாட்டாதவர் அதே நிறத்தில் இன்னொரு டைல்ஸ் தேடிக் கடை கடையாக அலைவர்.

மருதம்: செங்கல். உரிப்பொருள் ஊடல். துளை நன்றாகவே விழும். ஆனால் செங்கல்லை விட்டுக் கலவை இணைப்பில் விழுந்தால் ஸ்க்ரூவைப் பிடிக்க வேண்டிய பிளக் உள்ளேயே சுற்றிக்கொண்டு அதனோடு பேச மறுக்கும். மரக்கட்டை அடித்துச் சமாதானம் செய்தது பழைய முறை. 1958-இல் ஜெர்மானியர் ஆர்தர் ஃபிஷர் நைலான் பிளக்கைக் கண்டுபிடித்தது முதல் ஊடல் குறைந்தது, தீரவில்லை.

நெய்தல்: ஏஏசி பிளாக் எனப்படும் இலேசான வெள்ளைக் கல். உரிப்பொருள் இரங்கல். துளையிடும்போது இதைப்போல் இன்பம் வேறில்லை. கீசரை மாட்டியபின்தான் அழுகை தொடங்கும். இதற்கென்று உள்ள பிளக்கை வாங்காதவருக்கு எந்த மிஷினும் துணைவராது.

பாலை: கான்கிரீட். உரிப்பொருள் பிரிதல். பிட்டை விட்டு அதன் முனை பிரியும், பேட்டரியை விட்டு உயிர் பிரியும். பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பது பழைய இலக்கணம், இங்கும் அதுவே. செங்கல் சுவர் என்று நம்பித் துளைக்கும் இடத்தில், பூச்சுக்கு அடியில் பில்லரும் பீமும் லிண்டலும் பதுங்கியிருக்கும். புது வீட்டில் இல்லத்தரசியார் முதலில் கேட்பது திரைச்சீலைக் கம்பி. அது ஜன்னலுக்கு மேலே வரும். ஜன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல். ஆகவே ஒவ்வொரு டிரில்லின் முதல் பயணமும் பாலை நோக்கியே அமைகிறது.

4. ஹேமர் ஐயம் அகற்றல்

"அதான் ஹேமர் இருக்கே?" என்பார்க்கு விடை: ஹேமர் இருவகை. இம்பாக்ட் டிரில்லில் பல் வைத்த இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிக் குலுக்கும். நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவே இடி. ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்க, அக்காற்று இடிக்கும். நாம் சும்மா பிடித்திருந்தால் போதும். முன்னது செங்கல்லுக்கு, பின்னது கான்கிரீட்டுக்கு. இரண்டும் பார்வைக்கு உடன்பிறப்புகள் போலிருத்தலே மயக்கத்துக்குக் காரணம். துளை நடுவே கிரீச்சிட்டு ஓரடி நகராவிட்டால் அது கம்பி. அங்கே எந்த வீரமும் செல்லாது, துளையைத் தள்ளிப் போடுக.

5. வோல்ட் மயக்கம்

பாரிமுனையில் விசாரித்தாலும் ஊர்முனையில் விசாரித்தாலும் ஒரே உரையாடல் கேட்கும்.

"இது பதினெட்டு சார். இது இருபது. ரெண்டு வோல்ட் ஜாஸ்தி."

பேட்டரிக்குள் இருப்பவை ஐந்து லித்தியம் செல்கள். ஒன்றுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. முழு சார்ஜ் ஏறிய நிமிடத்தில் ஒன்றுக்கு 4 என்று கணக்கிட்டால் 20. செல் அதே, எண்ணிக்கை அதே. அளந்த நேரம்தான் வேறு. மூன்று செல் கொண்ட 10.8 வோல்ட் மிஷின், 12 என்று பெயர் சூடியதும் இவ்வாறே. உண்மையில் கேட்க வேண்டியது ஆம்பியர் ஹவர். 18 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஹவர் என்றால் 36 வாட் ஹவர். 4 என்றால் 72. டார்க் எனப்படும் முறுக்குவிசைக்கும் இரு எண்கள் உண்டு: கெட்டிப் பொருளுக்கு ஒன்று, மெத்தென்ற பொருளுக்கு ஒன்று. பெட்டியின் முகப்பில் எது அச்சாகும் என்று சொல்லத் தேவையில்லை.

6. கொள்வினை கொடுப்பினை

ஒரு கம்பெனியின் பேட்டரி பெரும்பாலும் இன்னொரு கம்பெனியின் மிஷினில் ஏறாது. ஒரே பாஷ் குடும்பத்தில் பிறந்த நீல மிஷினுக்கும் பச்சை மிஷினுக்கும் கூடப் பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் இல்லை. எனவே முதல் டிரில்லை வாங்கும்போதே, பின்னாளில் வரப்போகும் கிரைண்டருக்கும் சம்பந்தம் பேசி முடித்துவிடுகிறோம் என்க.

மச்சான் மதத்தார் கவனிக்க: அமெரிக்க சார்ஜர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு ஆனது, நம் 230-இல் செருகினால் ஒரே நொடியில் முக்தி. சிங்கப்பூர், துபாய்ச் சார்ஜர்களுக்கு இத்துன்பம் இல்லை. தனி பேட்டரி கைப்பையிலும் மிஷின் செக்-இன் பெட்டியிலும் பிரிந்தே வர வேண்டும் என்பது விமான விதி.

7. இரவல் இயல்

"ரெண்டே ரெண்டு ஹோல்தான் சார்" என்று கேட்கப்படும் டிரில், மூன்றாம் நாள் முனை மழுங்கிய பிட்டோடு திரும்பும். இதற்குச் சான்றோர் கண்ட வழி: மிஷினைக் கொடுக்கலாம், பிட்டைக் கொடுக்கலாகாது. கேட்பவர் சொந்தமாக ஒரு கான்கிரீட் பிட் வாங்கும் நாளில் ஹோல் வேண்டுமென்ற ஆசை பாதி தணிந்திருக்கும்.

8. முடிபு

மரமும் ஸ்க்ரூவும் மட்டுமே எனில் 12 வோல்ட். செங்கல் சுவர் எனில் 18 வோல்ட் இம்பாக்ட், பிட்டைக் கவ்வும் 13 மில்லிமீட்டர் சக், இரண்டு பேட்டரி. கான்கிரீட் எனில் ரோட்டரி ஹேமர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனுக்கே போன் செய்க. விடுதலை முழுமையாகக் கிட்டாது. பிளக் பாயின்ட் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் ஒயர் வைத்த டிரில் குறைந்த விலையில் ஓயாமல் உழைக்கும். பணம் இறுக்கமானால் மிஷினில் குறைத்து, பிட்டில் கூட்டுக. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே எவரும் துளைக்க வேண்டாம். ஒயர் அவ்வழியேதான் இறங்குகிறது.

வீடு இன்னும் பூசப்படவில்லை எனில் ஒரு விண்ணப்பம். கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு சுவரையும் பில்லர், லிண்டல், பைப் எல்லாம் தெரியும்படி அளவு நாடாவோடு போட்டோ எடுத்து வையுங்கள். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது, சார்ஜரும் வேண்டாம். டிரில்லை அதற்குப் பிறகு வாங்கலாம்.