எல்லாம் ஒரிஜினல்

யமஹா ஆர்எக்ஸ் 100, எஸ்கார்ட்ஸ் தயவில் 1985-இல் இங்கே வந்தது, 1996-இல் நின்றது. 98 சிசி, 11 குதிரைத்திறன். சங்கிலி பறிப்பவர்களின் செல்ல வண்டி என்று அன்று பெயர். இன்று ஓட்டுகிறவர் கழுத்திலேயே தடிச் சங்கிலி தொங்குகிறது.

“எல்லாம் ஒரிஜினல்” என்பார் மும்பை செம்பூர் அண்ணன், தன் வண்டியைக் காட்டி. டேங்க் சோர் பஜாரில் பொறுக்கியது. கார்புரேட்டர் குர்லா. சீட் தாராவித் தோல். மட்கார்டில் மாட்டுங்கா முலாம். ஒரிஜினலாக மிஞ்சியது ஆர்சி புத்தகமும் அதிலுள்ள அப்பா பெயரும்தான்.

சைலன்சரில்தான் அண்ணன் விஞ்ஞானி. டூ ஸ்ட்ரோக்கில் அது வெறும் புகைக்குழாய் அல்ல. உள்ளே மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியே நழுவும் எரியாத பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அண்ணன் உள்ளே இருந்ததையெல்லாம் குடைந்து எடுத்துவிட்டார். இழுவை போயிற்று, சத்தம் மட்டும் சயான் வரை கேட்கிறது. இப்படிப்பட்ட சைலன்சர்களை மும்பைப் போலீஸ் பறித்து, வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றும். கூட்டம் கூடுவதைப் பார்த்தால் அதுவும் ஒரு கண்காட்சிதான்.

நிஜக் கண்காட்சிக்கு வண்டி டெம்போவில் போகிறது.

“ஓட்டிட்டே போலாமேண்ணே?”

“ரோட்டுல எறக்கினா பெயிண்ட் என்னடா ஆவுறது?”