கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு தம்பி

சன்னல் உனக்கு, நடுவுல உன் பைக்கு, ஓரத்துல தொங்கறதுக்கு நானா? சேலத்துல ஏறினதுல இருந்து மூணு தரம் கேட்டுட்டேன், 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு'ன்னு. நீ என்னடான்னா, 'அப்படிச் சொல்றதே தப்பு இங்கிலீஷ் தாத்தா'ங்கறே. எம்.ஏ.வா? சந்தோசம். நான் காப்பித் தோட்டத்துல ரைட்டரா இருந்தவன். ஆபீசுல தடியா ஒரு அகராதி கிடந்துச்சு. ஏற்காட்டு மழைக்கு வேற என்ன பொழுதுபோக்கு?

இந்த அட்ஜஸ்ட்டு பிரெஞ்சுக்காரன் வழியா வந்தது. அவனுக்குச் சேர்க்கிறதுன்னு அர்த்தம். அதுக்கும் மூலம் லத்தீன்: 'யுக்ஸ்தா'ன்னா பக்கத்துல. ஆக, 'நெருங்கி வா'ங்கறதுதான் சங்கதி. அப்புறம் வந்த படிச்சவங்க, 'ஜஸ்ட்'டுன்னா நியாயமாச்சே, அதுல இருந்து வந்திருக்கும்னு நினைச்சுக் குழப்பிவிட்டாங்க. பஸ்ஸுல இடம் கேக்கிற கிழவி சுத்தமான லத்தீன் பேசறா. நீதான் நியாயம் பேசறே. வண்டி மாட்டு நுகத்தடிக்கு இங்கிலீஷ்ல 'யோக்'. அது, நம்ம யோகம், இந்த யுக்ஸ்தா மூணுக்கும் வேர் ஒண்ணு. சீட்டு கிடைச்சா யோகம்ங்கறது சும்மாவா?

ரொம்ப நெருங்கினாலும் ஆகாது, ஒத்துக்கறேன். தோலுரிக்கிற பல்ப்பர் மெஷின்ல காப்பிப் பழம் கொட்டறதுக்கு முந்தி, உருளைக்கும் தகட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அட்ஜஸ்ட் பண்ணுவோம். இறுகிப்போனா கொட்டை வெட்டுப்படும். விலகிப்போனா பழம் தோலோட வழுக்கிக்கிட்டு வெளிய வந்து நம்மளைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு கை பழத்தைப் போட்டு, வந்த கொட்டையை விரல்ல உருட்டிப் பார்த்து, திருகைக் கால் சுத்து சுத்தணும். நான் உன்கிட்ட கேக்கிறதும் அந்தக் கால் சுத்துதான்.

1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரைதான் இந்த ஏற்காட்டு மலைக்குக் காப்பியைக் கொண்டாந்தாரு. அந்தத் துரைமாருக்கு நம்ம மலைச்சாமி பேரைச் சேர்வராயன்னு சொல்ல நாக்கு வளையலை. 'ஷெவராய்'னு அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாங்க. சாமி கோவிச்சுக்கலை. மே மாசம் திருவிழா நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. நீ என்னடான்னா ஒரு பையை நகர்த்த இலக்கணம் பாக்கிறே.

இந்தா, அடிவாரம் வந்தாச்சு. இனிமே 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுல நான் உன் மேல விழுவேன், அடுத்ததுல நீ என் மேல விழுவே. அதுக்கெல்லாம் நான் அகராதி கேக்க மாட்டேன். அந்தப் பைக்கு டிக்கெட் எடுத்திருந்தா மட்டும் சொல்லு, எந்திரிச்சு நின்னுக்கறேன்.