சொம்புக்குள்ள உன் மூஞ்சி தெரியுதா?

வாப்பு, வா. தோள்ல என்ன அம்புட்டுப் பெரிய பை? ஒரு கட்டு பிரஷ்ஷு, மடக்கு ஸ்டாண்டு, வட்டமா ஒரு லைட்டு. மதுரையில பொறந்த பய வெளிச்சத்தக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கான். சரி, அதை விடு. பித்தளைச் சொம்பும் மல்லிப்பூவும் வச்சு 'ஸ்டில் லைஃப்' வரையப் போறியாம்ல? நல்ல சோலிதான். ஆனா அந்தச் சின்ன டப்பியில என்னப்பு, தங்கக் கலரா? எதுக்கு? "சொம்பு மின்னணும்ல தாத்தா"ங்குற. அங்கதான் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது.

நானும் கடை போர்டு எழுதி, நாடகத்துக்கு சீன் கட்டுன கைதான். அதுனால கேக்குறேன். தங்கக் கலரு பூசுனா தங்கமாகுமாடா? வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தா பல்லைக் காட்டும். அங்குட்டு நகந்து நின்னு பாரு, செத்த எலிக் கலருல கெடக்கும். தஞ்சாவூர்க்காரங்க படத்துல நெசத் தங்கத் தகட்டையே ஒட்டுறாங்க. அது வேற வித்தை, சாமிக்குச் செய்யுற அலங்காரம். நீ வரையுறது வீட்டுல பொழங்குற சொம்பு.

கோவில்பட்டி கொண்டைய ராஜுவக் கேள்விப்பட்டிருக்கியா? மாட்ட. 1898-ல பொறந்து 1976-ல போன மனுசன். மெட்ராஸ்ல ஓவியப் பள்ளியில படிச்சாரு, திருவண்ணாமலையில ரமணர் ஆசிரமத்துல இருந்தாரு, நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதுனாரு. கடைசியில கோவில்பட்டியில உக்காந்து அவரு எழுதுன லட்சுமியும் முருகனும் காலண்டராகி, நம்ம பக்கத்துல தொங்காத வீடு இல்ல. அந்தக் காலண்டர்ல சாமி கிரீடம் தகதகன்னு இருக்கும். கிட்டப் போயி உத்துப் பாரு. மஞ்சள், அதுக்கு ஒட்டுனாப்புல கருப்பழுப்பு, நடுவுல பொட்டு அளவு வெள்ளை. தாள்ல இருக்குறது அச்சு மைதான், தங்கமா? இருட்டப் பக்கத்துல வச்சாத்தான் வெளிச்சம் வெளிச்சமாத் தெரியும். இதைக் கத்துக்க எதுக்குடா பயிலரங்கம், பீசு, சர்ட்டிபிகேட்டு?

சொம்ப எங்க புடிச்ச? பழம்பொருள் கடையிலயா! ஒங்கப்பன் அதே மாதிரிச் சொம்ப எடைக்குப் போட்டுட்டு எவர்சில்வர் தூக்குவாளி வாங்குனான். இப்ப நீ எவர்சில்வரப் பரண்ல போட்டுட்டு, அங்கங்க களிம்பு ஏறுன சொம்ப அம்புட்டு வெலை குடுத்து வாங்கியிருக்க. ரெண்டு தலைமுறையும் சேந்து யாவாரிய நல்லா வாழ வைக்கிறீங்க. எழுகடல் தெருப் பக்கம் போனா புதுச் சொம்பே கெடைச்சிருக்குமே? "புதுசுல கலை இல்ல தாத்தா"ங்குற. அப்ப சொம்பு செஞ்சவன் கலைஞன் இல்ல, அழுக்கு பிடிக்க விட்டவன்தான் கலைஞனாக்கும்?

சரி, வச்சாச்சு. இப்பக் கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாரு. சொம்புல என்ன தெரியுது? பித்தளையா? இல்லடா. சன்னல் தெரியுது, வளைஞ்சு நெளிஞ்சு. வாசக்கதவு இருட்டு தெரியுது. கீழ விரிச்ச செவப்புத் துணி அடிவயித்துல தெரியுது. நடுவுல ஒரு கோமாளி நிக்கிறான், அது நீதான். இதையெல்லாம் அது அது இருக்குற எடத்துல, அது அது ஓரம் கூர்மையா இருந்தாக் கூர்மையா வை. எல்லோ ஓக்கரும் பர்ன்ட் அம்பரும் துளிப் பச்சையும் போதும். சொம்பு தானா வந்து உக்காரும். எவர்சில்வருக்கு இன்னும் மோசம், அதுக்குன்னு சொந்தக் கலரே கெடையாது.

இது நான் கண்டுபிடிச்சதில்ல. கிளாரா பீட்டர்ஸ்னு ஒரு பொம்பள, இன்னைக்கு பெல்ஜியம்னு சொல்ற சீமையில வரைஞ்சவ. 1612-ல பூ ஜாடியும் முலாம் பூசுன கோப்பையும் சங்கும் வச்சு ஒரு படம் எழுதுனா. நம்ம திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வரவே இல்ல அப்ப. அந்தக் கோப்பையில இருக்குற குமிழ்களை உத்துப் பாத்தா, ஒவ்வொண்ணுலயும் குட்டியா அவ மூஞ்சி. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. நீங்க செல்பி எடுக்குறீங்களே, உதட்டக் குவிச்சுக்கிட்டு! அவ கடுகத்தனைதான் தன்னை வச்சுக்கிட்டா. அந்தப் படம் இப்ப ஜெர்மனியில கார்ல்ஸ்ரூஹ மியூசியத்துக்குச் சொந்தம்.

பூவுக்கு வா. பிளாஸ்டிக் பூவுல தண்ணி தெளிச்சு வரையுறவங்க இருக்காங்களாம். மல்லிக்கு 2013-லயே புவிசார் குறியீடு வாங்குன ஊரு இது. இங்க உக்காந்துக்கிட்டா? வெள்ளனே எந்திரிச்சு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போ. ஆனா மார்கழி, தையில போகாத. பனிக்கு வரத்து சுருங்கி, கிலோ ஆயிரக்கணக்குல நிக்கும், படத்த வித்தாலும் பூக்காசு வராது. காலையில மொட்டா இருக்கும், சாயங்காலம் வாய் தொறக்கும், மறுநா ஓரம் பழுத்துரும். ஒனக்காக ஒரு நாழி நிக்காது. அதுனால பூவ மொதல்ல முடி. சொம்பு எங்க ஓடப்போகுது?

ஒல்லாந்துல வான் ஹைசும்னு ஒருத்தன். மஞ்ச ரோசா பூக்கல, அதுனால படம் முடியலன்னு வாடிக்கைக்காரருக்குக் கடுதாசி போட்டான். லண்டன்ல இருக்குற அவன் பூப்படம் ஒண்ணுல ரெண்டு வருசத்தப் போட்டிருக்கான், 1736, 1737ன்னு. பாவம், நம்ம நெலக்கோட்டைப் பூச்சந்தைக்கு வந்திருந்தா கூடை கூடையா அள்ளிட்டுப் போயிருப்பான்.

இன்னொண்ணு. மல்லி வெள்ளைன்னு டியூப்பைப் பிதுக்காத. மொட்டுக்கு அடியில பச்சை, நெழல்ல நீலச்சாம்பல், துணிப் பக்கம் லேசாச் செவப்பு. சுத்த வெள்ளையச் சொம்போட கழுத்துல மின்னுற அந்த ஒரு பொட்டுக்குப் பத்திரமா வச்சுக்க. பூவுலயே தீத்துட்டா அங்க எதைக் கொண்டு வைப்ப? மல்லி சரிப்படலன்னா கோழிக்கொண்டை வை. நாலு நாள் தாங்கும், அந்தச் செவப்பு பித்தளையில விழுந்தா அழகு.

சொம்ப அடுப்படிப் பக்கம் மட்டும் வைக்காதடா. ஒங்க அத்தை கண்ணுல பட்டுச்சுன்னா புளியும் சாம்பலும் போட்டுப் பளபளன்னு தேய்ச்சுக் குடுத்துரும். நீ காசு குடுத்து வாங்குன களிம்பெல்லாம் சாக்கடையில போயிரும், ஆமா.