கிளாசுல ஊத்துற எதிர்ப்புச் சக்தி

வாடா பேராண்டி. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போற வழியில புதுசா போர்டு மாட்டியிருக்கியாமே. ‘முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு. மூட்டுவலி போகும். எதிர்ப்புச் சக்தி கூடும். கேன்சர் கிட்டயே வராது.’ மூட்டுவலியோட நிறுத்தியிருந்தா நானும் ஒரு கிளாஸ் கடன் சொல்லிக் குடிச்சிருப்பேன். எழுபது கொண்டை ஊசி வளைவுல குடல் பிரண்டு மேல வர்ற டவுன்காரனுக்கு, நம்ம கொல்லிமலை மிளகைத் தட்டிப் போட்டு எதைச் சூடாக் குடுத்தாலும் அமுதந்தான். அந்த வியாபாரத்துல நான் குறுக்க வரல. கேன்சர்னு ஒரு வார்த்தை சேர்த்த பாரு, அங்கதான் தாத்தனுக்கு நாக்கு நமநமங்குது.

உன் கணக்கு என்ன? எதிர்ப்புச் சக்தி குறைஞ்சா கட்டி வரும், சூப்பு குடிச்சு ஏத்திவிட்டா கட்டி ஓடிரும். பலே. ஆனா கட்டிக்குள்ளயே வெள்ளை அணு இருக்கிறதை 1863லயே ஜெர்மனிக்காரர் விர்ச்சோ பார்த்துட்டாரு. பெருவிழுங்கின்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு, கிருமியையும் செத்த செல்லையும் முழுங்குறது. சில மார்புக் கட்டியில பாதி எடை வரைக்கும் அதுவாவே இருக்குமாம். பத்தாக்குறைன்னா அங்க அத்தனை கூட்டம் எப்படிடா வந்துச்சு?

இந்தக் கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. பேத்தி லேப் படிப்பு படிக்கிறா. அவ புஸ்தகத்தைத் திறந்தா அவளுக்குத் தூக்கம் வருது, எனக்குத் தூக்கம் போகுது.

கூட்டத்தைக் கூப்பிட்டதே கட்டிதான். சிசிஎல்-2, சிஎஸ்எஃப்-1னு வாயில நுழையாத பேருல ரசாயனத்தைக் கசியவிடும். ரத்தத்துல சும்மா போய்க்கிட்டிருக்கிற அணு அந்த வாடை பிடிச்சு உள்ள வரும். நம்ம கொல்லிப்பாவை சிரிச்சு மயக்கித்தான் எதிரியைக் கிட்ட வரவழைக்கும்னு உங்க பாட்டி கதை சொல்லுவாளே, அந்தச் சிரிப்புதான் இது. ஒரே வித்தியாசம், பாவை வந்தவனைக் கொல்லும். கட்டி கொல்லாது, வேலைக்கு வச்சுக்கும்.

என்ன வேலைன்னு கேளு. கட்டி சர்க்கரையை அரைகுறையா எரிச்சு லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளும். பிராணவாயு தாராளமா இருக்கும்போதும் அப்படித்தான் செய்யுதுன்னு 1920கள்ல விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கண்டுபிடிச்சாரு. அந்த அமிலம் வெறும் கழிவுன்னுதான் ரொம்ப காலம் நினைச்சிருந்தாங்க. 2014ல யேல் பல்கலைக்கழகத்து ஆளுங்க எலியை வச்சுப் பார்த்தாங்க. உள்ள வந்த பெருவிழுங்கிக்கு அந்த அமிலமே உத்தரவா இருக்கு! கடிக்க வந்தது கடிக்கிறதை விட்டுட்டு, புது ரத்தக்குழாய் முளைக்க வைக்கிற சரக்கைச் சுரக்க ஆரம்பிச்சிருது. கூடவே ஆர்ஜினேசுன்னு ஒரு நொதி. அது அக்கம்பக்கத்துல இருக்கிற ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலத்தை உடைச்சுத் தீர்த்துரும். ஆர்ஜினின் இல்லாம, கட்டியோட சண்டை போடுற டி செல்லுங்கிற வெள்ளை அணு பெருகாது. புரியுதா? பின்னாடி சண்டைக்கு வர்றவனைப் பட்டினி போடுறது முன்னாடி வந்த நம்ம ஆளுதான்.

இதுல புதுசா எதையும் கட்டி கண்டுபிடிக்கல. அடிபட்ட புண்ணு ஆறும்போது பெருவிழுங்கி இதே வேலையைத்தான் செய்யும், ஆறினதும் நிறுத்திக்கும். கட்டிங்கிறது ஆறாத புண்ணுன்னு 1986ல டுவோராக்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதினாரு. எனக்குப் பிடிச்ச ஆளு அவரு.

பட்டினியைத் தாண்டியும் டி செல் வந்து மோதும். மோதும்போது இன்டர்ஃபெரான் காமாங்கிற ரசாயனத்தை வீசும். அந்த வாடை பட்டதும் கட்டி தன் மேல பிடி-எல்1னு ஒரு புரதத்தை நிறைய முளைக்க வச்சுக்கும். அது டி செல் மேல இருக்கிற பிடி-1ங்கிற புரதத்துல போய் ஒட்டினா டி செல் ஓய்ஞ்சு உக்காந்துரும். தான் வீசினதுலயே தான் மாட்டிக்குது, பாவம். பிடி-1ஐ 1992ல கண்டுபிடிச்சவரு ஜப்பான்காரர் ஹோஞ்சோ. 2018ல அமெரிக்கக்காரர் ஆலிசனோட சேர்ந்து நோபல் வாங்கினாரு. இன்னொரு வாடை, சிசிஎல்-22, அடக்கி வைக்கிற டி செல்லைக் கூட்டிட்டு வரும். நம்ம உடம்பை நாமே தின்னுறாம காக்கிற நல்ல சாதி அது, அதைப் பத்தின கண்டுபிடிப்புக்குத்தான் 2025ல நோபல் குடுத்தாங்க. கட்டிக்குள்ள அது கட்டியைக் காக்கும்.

இப்பச் சொல்லு, நீ கிளாஸ் கிளாஸா எதிர்ப்புச் சக்தியை ஊத்தினா அது யாருக்குப் போய் வேலை செய்யும்? முழிக்கிற பாரு.

சக்தியை ஏத்தாம, இந்த ரசாயனப் பேச்சை வெட்டுறதும் இப்போ ஒரு வைத்தியம். பிடி-1ஐ மறைக்கிற ஊசி மருந்து நிவோலுமாப். வழக்கமான அளவுல போட்டா லட்சக்கணக்குல முழுங்கும், நம்ம மலையையே அடமானம் வைக்கணும். மும்பை டாட்டா மெமோரியல் டாக்டருங்க ஒண்ணு செஞ்சாங்க. வாய், தொண்டைப் பக்கம் கேன்சர் முத்தின 151 பேரு. எல்லாருக்கும் மூணு மாத்திரை. அதுல ஒண்ணு செலிகாக்சிப், நீ கிண்டல் பண்ற மூட்டுவலி மாத்திரைதான். புரோஸ்டாகிளாண்டின் ஈ2ன்னு ஒரு வலிச் சரக்கு இருக்கு, அதையும் கட்டி சுரந்து டி செல்லை மந்தமாக்கும். அது சுரக்கிறதை இந்த மாத்திரை குறைக்கும். பாதிப் பேருக்குக் கூடவே நிவோலுமாப் 20 மில்லிகிராம், மூணு வாரத்துக்கு ஒரு தடவை. வழக்கமான அளவு ரெண்டு வாரத்துக்கு 240. முடிவு 2022ல வந்துச்சு. வெறும் மாத்திரை தின்னவங்கள்ல ஒரு வருசம் தாண்டினது நூத்துக்கு 16 பேரு. ஊசியும் சேர்ந்தவங்கள்ல 43. மிச்சம் 57 பேரு போயிட்டாங்கங்கிறதையும் சேர்த்துத்தான் சொல்றேன், உன் போர்டு மாதிரி பாதியை மறைக்கல.

அந்த 151 பேரு எந்த இடத்துக் கேன்சர்னு கவனிச்சியா? வாயி, தொண்டை. அப்புறம் ஏண்டா பேசும்போதெல்லாம் இடது கன்னத்துல எதையோ ஒதுக்கி வச்சுக்கிட்டே பேசுற? குட்காவுக்கு 2013லயே தடை போட்டாச்சு, உன் சட்டைப்பைக்கு மட்டும் இன்னும் தகவல் வரலையா? துப்பு. இந்தா தண்ணி, கொப்பளி. மூணு விரலை நட்டுக்க நிறுத்தி வாய்க்குள்ள விடு பாப்போம். மூணும் நுழையணுமே, ரெண்டோட ஏண்டா நிக்குது? காரம் பட்டா எரியுதுன்னு போன மாசமே உங்கம்மா பொலம்பினா. எதிர்ப்புச் சக்தி விக்கிற கடையை நாளைக்கு ஒரு நாள் பூட்டிட்டு, காலையில மொத பஸ்ஸுல நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பு. பல் டாக்டர்கிட்ட வாயைக் காட்டு. டிக்கெட்டு காசு நான் தரேன், வட்டி இல்லாம.