அப்லோட் மந்த நிதானம்: தம்பானூர்ச் சான்றுகளை முன்வைத்து

திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர் என்று வாதிட்ட மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை வாழ்ந்த ஊர் திருவனந்தபுரம். அந்தக் கால ஆராய்ச்சி மரபின் கடைக்குட்டியாக, அதே நகரின் தம்பானூரில், ஒரு கல்யாண வீடியோ நாகர்கோவில் போய்ச் சேராத காலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. எதிரே உள்ள ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் பாசஞ்சர் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பது முதற்கண் குறிக்கத்தக்கது.

நோய்க்குறி: வீட்டு ஃபைபர் இணைப்பில் இறங்குவது 94 எம்பிபிஎஸ், ஏறுவது 2. இரண்டும் 100 என்பதே திட்டம். (அந்த 100 பிட் கணக்கு. எட்டால் வகுத்தால்தான் பைட். இது தெரியாமல் சண்டைக்குப் போனவர்கள் தோற்றுத் திரும்பியுள்ளனர்.) இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது, 2023 ஜூன் 5இல் அரசே கேஃபோன் என்னும் இணையச் சேவையைத் தொடங்கியது. உரிமை எத்திசைக்கு என்று கேட்க வக்கீல் வைக்கும் வசதி எனக்கில்லை.

காரணம் பற்றிப் பல மதங்கள் உள. பழமையானது மறுதொடக்க மதம். "ரீஸ்டார்ட் செய்தோ, சாரே?" என்பதே அதன் மூலமந்திரம். செய்தோம். பயனில்லை. மேற்செல்க.

அடுத்தது மழை மதம். தம்பானூரில் வெள்ளம் புகுவது எளிது, வெளியேறுவது அரிது. 2015இல் ஆபரேஷன் அனந்தா என்று பெயரிட்டுக் கால்வாய்களைத் தூர்வார வேண்டியிருந்தது. அதுபோலவே உன் அப்லோடும் என்றார் மாடிவீட்டு அண்ணாச்சி. உவமை அழகு, ஆனால் கண்ணாடி இழைக்குள் போகும் ஒளி நனைவதில்லை.

வளைவு மதத்தார் ஜன்னலோரம் மடங்கிய இழையைக் காட்டுவர். அற்றன்று. என்னை? வீட்டு ஃபைபருக்கான ஜிபான் முறையில் இறங்கும் ஒளி 1490 நானோமீட்டர், ஏறும் ஒளி 1310. வளைவில் அதிகம் கசிவது நீண்ட அலையே. ஆகவே இழை மடங்கியிருந்தால் முதலில் இளைக்க வேண்டியது டவுன்லோட். அதுவோ கொழுத்துத் திரிகிறது. லைன்மேன் மீட்டர் வைத்துப் பார்த்ததில் மைனஸ் 21 டிபிஎம். மைனஸ் 27 வரை தாங்கும் என்பதால் இழை குற்றமற்றது என்க.

அயலார் மதம் சுவையானது. ஓர் இழையைப் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குத் தருகிறார்கள். இறங்கும்போது ஒரே ஒளி எல்லா வீட்டுக்கும் போகும். அவரவர் தம் பங்கை எடுத்துக்கொள்வர். ஏறும்போது அப்படி முடியாது: எக்ஸ்சேஞ்சில் உள்ள பெட்டி முறை வைத்துக் கூப்பிட, கூப்பிட்ட வீடு மட்டும் பேசும். எல்லோருக்குமாக 1.244 ஜிகாபிட். எனவே எதிர்வீட்டு யூடியூபர் மீது எனக்கிருந்த சந்தேகத்துக்குச் சாத்திர ஆதரவு உண்டு. அவர் உறங்கும் அதிகாலையிலும் வேகம் இரண்டே என்றதும் அவரை வருத்தத்தோடு விடுதலை செய்தேன். ஓசைப்படாமல் போட்டோக்களைக் கிளவுடுக்கு அனுப்பும் வீட்டுப் போன்களையும் அணைத்துப் பார்த்தாயிற்று.

இனிச் சித்தாந்தம். உண்டேல் உண்டு, இன்றேல் இன்று என்னும் தருக்கமுறையே துணை. லேப்டாப்பிலிருந்து வயரைக் கழற்றி ரௌட்டர் அருகே வைஃபையில் சோதிக்க, ஏறுவேகம் 90ஐத் தாண்டியது. குற்றவாளி ரௌட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான வயர். பீரோவின் கால் அதன்மேல் ஏறி நின்றது. 100 வேகத்தில் கணினி அனுப்புவதற்கு ஒரு சோடி, வாங்குவதற்கு வேறு சோடி. நசுங்கியது அனுப்பும் சோடி. டவுன்லோடுக்கும் 'வந்தது' என்று பதில் அனுப்ப வேண்டுமே எனில், அப்பதில்கள் சிறியவை. ஒன்று தொலைந்தாலும் அடுத்தது அதையும் சேர்த்துச் சொல்லிவிடும். வீடியோவுக்கு அந்தச் சலுகை இல்லை. தொலைந்த துண்டை மறுபடி அனுப்ப வேண்டும், தொலைந்ததைக் கண்டதும் கணினி வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

புது வயர் சாலை பஜாரில் வாங்கப்பட்டது. கண்ணேறே காரணம் என்ற என் மனைவியின் மதம் இன்னும் மறுக்கப்படவில்லை. பீரோவை அங்கே நகர்த்தச் சொன்னது யார் என்ற கிளைவினாவும் நிலுவையில் உள்ளது. பழைய வயர் பால்கனியில் துணிக்கொடியாகச் சேவை செய்கிறது. அப்பணியில் எந்தச் சோடியிலும் பழுது தென்படவில்லை.